புகழும் கடனும்

ஆடுகளத்தை விட்டு விலகும் வீரர், தம்மை உயர்த்திய விளையாட்டுக்கு மேலும் ஏதேனும் கடன்பட்டிருக்கின்றாரா? இவ்வினாவைத் தனிமனிதரின் நன்றியுணர்ச்சி பற்றிய ஒன்றாகவே பலரும் கருதுகின்றனர். ஆயின், கடன் என்று பேசப் புகுந்தால், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். அதற்கு வரலாறே தக்க துணை.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வாழ்வை நோக்குவோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் மாணவராயிருந்த காலத்திலேயே, 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் உயரம் பாயும் போட்டியிற் பங்குபற்றியவர் அவர். 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். 1958இல் தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். 1962இல் ஜக்கார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

அதன்பின் அவர் பழம்புகழை விற்று வாழ்ந்தாரல்லர். கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, சியரா லியோன், நைஜீரியா, பப்புவா நியூகினி முதலிய நாடுகளிற் கல்விப் பணியாற்றினார். பிற்காலத்தில் வடகிழக்கின் கல்வி, விளையாட்டு முயற்சிகளுக்கும் தோள்கொடுத்தார். 2024இல் மறைந்தார்.

பதக்கக் கணக்கு மட்டுமே பார்ப்போர், உழைக்கும் வயதின் பெரும்பகுதியை அவர் பிறநாட்டு வகுப்பறைகளிலே செலவிட்டார் என்று குறை கூறக்கூடும். ஆனால் அவரை உருவாக்கிய முதற்களம் ஒரு பள்ளிக்கூடம் அன்றோ? பெற்ற இடத்துக்கே அவர் திருப்பிக் கொடுத்தார். அப்பள்ளி யாழ்ப்பாணத்ததா ஆபிரிக்காவினதா என்பது பெரிதன்று.

இனி, மறுபக்கத்தையும் காண்போம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் வென்றவர் சுசந்திகா ஜயசிங்க. நாடே கொண்டாடிய அப்பதக்கத்தை விற்கப்போவதாக 2017இல் அவர் அறிவிக்க நேர்ந்தது. வாழ்க்கைச் செலவின் நெருக்கடியே காரணம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பர். ஓடியவர் நிலையும் அதுவே. இத்தகையவரிடம் கடமையை நினைவூட்டும் சமுதாயம், தன் கடனை முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.

மன்னாரிலே இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகின்றது. 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம், 2015இலேயே மீண்டும் அவ்வூரை அடைந்தது. அந்தக் கால் நூற்றாண்டிலே போரும் இடப்பெயர்வும் எத்தனை பிள்ளைகளின் மைதானத்தைப் பறித்தன! கால்களில் வலிமை இருந்தும் களம் காணாத அத்தலைமுறை யாருக்கும் கடன்பட்டதன்று. அதற்குத்தான் நாடு கடன்பட்டிருக்கின்றது.

கட்டுக்கரைக் குளத்தை நம்பி வாழும் முருங்கன் உழவருக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். தன் வயலுக்கு நீர் பாய்ந்ததும் வாய்க்காலை மறந்துவிடலாகாது. அது தூர்ந்தால் கடைமடை காயும். வெற்றிபெற்ற வீரரின் கடமையும் இத்தகையதே. அவர் கடன்பட்டது சங்கங்களுக்கோ, மேடையில் மாலை சூட்டும் அமைச்சர்களுக்கோ அன்று. தமக்குப் பின்னே வெறுங்காலுடன் ஓடிவரும் ஏழைச் சிறுமிக்கும் சிறுவனுக்குமே. ஆனால் வாய்க்காலைத் தூர்வார ஒருவர் கை போதாது. குளத்தைக் காப்பதும் மடையைத் திறப்பதும் பொதுக் கடமை. அதனைச் செய்யுமாறு அரசை வற்புறுத்துவது ஆசிரியர், மாணவர் ஆகிய நம் அனைவரின் பொறுப்பாகும்.