பிறந்தபோதுள்ள நிறையும் பிற்கால இருதயமும்

தென்னாபிரிக்காவிலே 1899 முதல் 1902 வரை நடைபெற்ற போவர் யுத்தத்திற்கு ஆட்சேர்த்தபோது, பிரித்தானிய அரசினர் ஓர் உண்மையைக் கண்டு திடுக்குற்றனர். படையிற் சேர முன்வந்த இளைஞருட் பலர் மெலிந்தும் வலிகுன்றியும் இருந்தனர். உலகின் பெரும்பகுதியை ஆண்ட நாடு தன் சொந்தக் குழந்தைகளைப் பேணத் தவறியமை அப்பொழுதுதான் அதற்குப் புலப்பட்டது. அக்கவலையின் விளைவாகத் தோன்றிய முயற்சிகளுள் ஒன்று, இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஹேட்போட்ஷயர் மாவட்டத்திலே எதெல் மார்கரெட் பேர்ன்சைட் என்னும் அம்மையார் ஏற்படுத்திய பதிவு முறையாகும்.

1911 தொடக்கம் அம்மாவட்டத்திற் பிறந்த குழந்தைகளை மருத்துவிச்சிமார் நிறுத்து, நிறையைக் குறித்தனர். பின்னர்ச் சுகாதார மாதர் வீடுதோறுஞ் சென்று, குழந்தை உண்பது தாய்ப்பாலோ புட்டிப்பாலோ, அதற்கு வந்த நோய்கள் யாவை என விசாரித்து, ஓராண்டு நிறைவில் மீண்டும் நிறுத்தனர். எல்லாம் பேரேட்டில் ஏறின. குழந்தைகள் முதலாண்டைத் தாண்டவேண்டும் என்பதே அம்மாதரின் கவலை. அறுபதாம் வயதில் அவர்களுக்கு என்ன நேரும் என்பதை எண்ணி ஒருவரும் எழுதவில்லை.

சவுதாம்ற்றன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் பாக்கர் 1986-ஆம் ஆண்டிலே, தம்முடன் பணிபுரிந்த ஒஸ்மண்டுடன் சேர்ந்து, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 212 உள்ளூராட்சிப் பகுதிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். 1921 முதல் 1925 வரை சிசு மரணம் மிகுந்திருந்த பகுதிகளிலேயே, அரை நூற்றாண்டின் பின் இருதய நோய் மரணமும் மிகுந்திருந்தது. இருதய நோய் வளமான வாழ்வின் விளைவு என்று கருதப்பட்ட காலத்தில் இது புதிராயிற்று. ஆனாற் பகுதிகளை ஒப்பிடுவது வேறு, தனி மனிதரைத் தொடர்வது வேறு. அதற்கு உதவியவை ஹேட்போட்ஷயர்ப் பேரேடுகள். 1911-க்கும் 1930-க்கும் இடையில் அங்கு பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வரலாறு தேடிப்பெறப்பட்டது. 1989-இல் முடிவு வெளிவந்தது. நாட்டின் சராசரி இருதய நோய் மரணத்தை 100 எனக் கொண்டால், ஓராண்டில் 18 இறாத்தலோ அதற்குக் குறைவாகவோ இருந்தோரிடையே அது 111. 27 இறாத்தலும் அதற்கு மேலும் இருந்தோரிடையே 42.

மெலிந்து பிறப்போர் வறியோர், வறுமையே பின்னும் அவர்களைத் தொடர்கிறது என மறுத்தோரும் இருந்தனர். அம்மறுப்பு நியாயமானதே, ஆயினும் அதனால் மட்டும் யாவும் விளங்கிவிடவில்லை. போதிய உணவு பெறாத கரு மூளையைக் காத்து ஏனைய உறுப்புக்களிற் சிக்கனஞ் செய்கிறது என்பது பாக்கரின் விளக்கம். சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணுறுப்புக்கள் பிறப்பதற்கு முன்னரே எண்ணிக்கையில் முடிவாகி விடுகின்றன. பின்னர் எவ்வளவு ஊட்டினும் அவை பெருகா. அவை குறைவாக உள்ளவர்க்குக் குருதி அமுக்கம் உயர வழியுண்டு.

இந்தியாவிலும் இதே தொடர்பு காணப்பட்டது. மைசூரிலே ஒரு மிஷன் வைத்தியசாலையில் 1934-க்கும் 1954-க்கும் இடையிற் பிறந்த 517 பேரை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவின்படி, 2.5 கிலோகிராமோ அதற்குக் குறைவாகவோ பிறந்தோருள் நூற்றுக்குப் பதினொருவரும், 3.1 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறையுடன் பிறந்தோருள் நூற்றுக்கு மூவருமே முடியுருநாடி நோயுற்றிருந்தனர்.

எனினும் தராசு முழு உண்மையையுஞ் சொல்வதில்லை என்பதை 2003-இல் வெளிவந்த பூனே ஆய்வு காட்டிற்று. வைத்தியர் யாஜ்னிக்கும் அவர் குழுவினரும் பூனேயை அடுத்த கிராமங்களிற் பிறந்த சிசுக்களைச் சவுதாம்ற்றன் சிசுக்களுடன் ஒப்பிட்டனர். பூனேச் சிசுவின் சராசரி நிறை 2.7 கிலோகிராம், ஆங்கிலச் சிசுவினது 3.5. தசையும் வயிற்றின் உள்ளுறுப்புக்களும் பூனேச் சிசுவிற் பெரிதுங் குறைந்திருந்தன. தோட்பட்டையின் கீழ்த் தோலை மடித்து அளந்தபோதோ, அங்குள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த உடலிற் கொழுப்பு ஒளிந்திருந்தது! எனவே சிறிதாய்ப் பிறந்த குழந்தையை எப்படியாவது கொழுக்க வைக்கும் பாட்டிமாரின் ஆவல் அன்பினால் எழுவதாயினும் நன்மையாகாது. மெலிந்து பிறந்து, முதலாண்டின் பின் விரைவிற் பருத்தவர்களிடையே பிற்காலத்தில் முடியுருநாடி நோய் மிகுந்திருந்தமையைப் பின்லாந்தின் ஹெல்சிங்கியிற் பிறந்த 4,630 ஆண்களைத் தொடர்ந்த ஆய்வு 2001-இலேயே கூறியிருந்தது.