பழைய மரப் படகும் நங்கூரக் கயிறும்

போர்ட் கிள்ளானில் பழைய மீன்பிடிப் படகை மலிவாக வாங்குபவர்கள் பெரும்பாலும் சாயம் அடிப்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் அடிப்பலகையைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். வெளியே ஊசித் துளைதான் தெரியும். உள்ளே கப்பல் புழு பலகையையே தின்றிருக்கும். அதை மாற்றிய பிறகே இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைத்துக் கலப்பத்து செய்ய வேண்டும். நங்கூரக் கயிறு கட்டும் முன்பக்கக் கட்டை உளுத்திருந்தால், கயிறு புதிதாக இருந்தும் பயனில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல்மட்டம் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கும்போது ஆழம் 5 மீட்டர் என்றால், ஏறும்போது 9. படகு முனையின் உயரம் 1 மீட்டரையும் சேர்த்தால் 10. அதன் 5 மடங்கு, அதாவது 50 மீட்டர் கயிறாவது விட வேண்டும். குறைந்தால் நங்கூரம் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

நங்கூரத்தை வீசாமல் மெல்ல இறக்குங்கள். கயிற்றுச் சுருளுக்குள் கால் இருந்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். முன்பக்கம்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறிப் படகு மூழ்கும். சிக்கிய நங்கூரத்தை நீரோட்டத்தில் இயந்திரத்தால் இழுப்பதும் ஆபத்து. கயிற்றை அறுத்துவிட ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.