பறவையின் பெயரில் இருக்கிற முத்து

பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என்று ஒரு சின்னப் பறவை. வடகிழக்கு இந்தியா, மியன்மார், தென்சீனம் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இலங்கைக்கு வரும். அதன் விஞ்ஞானப் பெயர் மஸ்சிகாபா முத்துயி. லத்தீன் மாதிரித் தெரிகிற அந்த இரண்டாவது சொல்லுக்குள் இருப்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான்: முத்து.

கதை பருத்தித்துறையில் தொடங்குகிறது. எட்கர் லியோபோல்ட் லேயார்ட் 1846 இல் இலங்கைக்கு வந்தவர். பிரித்தானிய அரச சேவையில் இருந்துகொண்டே பறவைகளைச் சேகரித்தார். பருத்தித்துறையில் அவர் இருந்த காலத்தில், அவருடைய வேலைக்காரர் முத்து ஒரு பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை எந்த நூலிலும் விவரிக்கப்படாத பறவை அது. 1854 இல் அதை உலகத்துக்கு அறிவித்தபோது லேயார்ட் முத்துவின் பெயரையே வைத்தார். தன் நல்ல மாதிரிகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமைதான் காரணம் என்றும் எழுதினார்.

கொலனிக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வேலைக்காரரின் பெயரைப் பறவைக்கு வைத்தது சின்ன விசயம் இல்லை. ஆனால் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். லேயார்ட் புளோரன்ஸில் பிறந்தவர் என்று தெரியும். நினிவே நகரை அகழ்ந்த ஒஸ்டின் ஹென்றி லேயார்ட் அவருடைய அண்ணன் என்று தெரியும். இலங்கையை விட்டபிறகு கேப் டவுன் நூதனசாலையைப் பொறுப்பெடுத்ததும் தெரியும். இலங்கைக்கே உரிய ஒரு கிளி ஆங்கிலத்தில் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அதே கிளியின் விஞ்ஞானப் பெயரில் அவருடைய மனைவியின் குடும்பப் பெயர் இருக்கிறது. முத்து மட்டும் ஒற்றைப் பெயராக நிற்கிறார். பறவை எந்த மரத்துக்கு எப்ப வரும், எப்படி நெருங்க வேணும் என்ற அறிவு அவருடையது. அதை எழுதின கை இன்னொருவருடையது.

போன தை மாதம் நாங்கள் ஐந்து பேர் பருத்தித்துறையில் இருந்து மருதங்கேணி வழியாகச் சுண்டிக்குளம் வரை பறவை பார்க்கப் போனபோது இந்தக் கதைதான் மனதில் ஓடியது. ஈப்பிடிப்பானைத் தேடிப் போகவில்லை, அது காட்டு நிழலில் வாழுறது. நாங்கள் பார்த்தது நீரேரிப் பறவைகளை. தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி நின்ற பூநாரைக் கூட்டம், ஊசிவால் வாத்துகள், சேற்றைக் குத்திக்கொண்டு ஓடுற உள்ளான்கள், தலைக்கு மேல் ஆலாக்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொலைநோக்கி. அதுக்கும் சண்டை.

வீச்சுவலையோடு வந்த ஒரு ஐயா எங்களைப் பார்த்துச் சிரித்தார். “என்ன பிள்ளையள், உதுகளைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? காத்திகை முடிய வாறதுகள், பங்குனி வெயிலோட போயிடுங்கள். உதுகள் கூடி நிக்கிற இடத்தைப் பாத்துத்தான் நான் வலையே வீசுறனான்.” பெயர் கண்டுபிடிக்க நாங்கள் அரை மணித்தியாலம் படம் புரட்டின பறவைக்கு, அவர் ஒரு நொடியில் ஊர்ப்பெயர் சொன்னார்.

அவர் நிற்கிற இடத்துக்கும் ஒரு எழுத்து வரலாறு இருக்கிறது. சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமானது. 2015 இல் தேசியப் பூங்காவானது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் அந்தக் கரை பார்த்தது இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2009 வரை நடந்த போர். நாட்டின் மற்ற இடங்களில் தை மாதத்தில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்த பல வருசங்களில், வடக்கின் பெரும்பகுதிக்குக் கணக்கெடுப்பவர்கள் வர முடியவில்லை. தொலைநோக்கியோடு கடற்கரையில் நிற்பதே சந்தேகத்துக்குரிய காரியமாக இருந்த காலம். பறவைகள் வராமல் விடவில்லை. அட்டவணையில்தான் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தை இனி எந்தக் கருவியாலும் நிரப்ப முடியாது. ஆனால் அந்த வருசங்களில் கரையில் இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மாரிக்குப் பூநாரை குறைவு, சுனாமிக்குப் பிறகு எந்தக் கழிமுகம் மாறினது என்று கேட்டால் சொல்லுவார்கள். வாய்ச்சொல்லில் பிழை வரும்தான், ஞாபகம் வருசத்தை மாற்றிப் போடும்தான். அதுக்காகத்தான் பலரிடம் கேட்டு ஒப்பிட வேணும். வரலாறு படிக்கிற நாங்கள் ஓலைச்சுவடிக்கும் கல்வெட்டுக்கும் செய்கிற வேலை அதுதானே?

பாதுகாப்பு பற்றின பேச்சும் இங்கேதான் தடுக்கிறது. வரைபடத்தில் கோடு போட்டு ‘இது பறவைகளின் இடம்’ என்று சொல்லும்போது, அந்தப் பறவைகளோடு தலைமுறையாகத் தொழில் செய்தவர் கோட்டுக்கு எந்தப் பக்கம்? அவரைக் கேட்காமல் போட்ட கோட்டை அவர் காப்பாற்றுவார் என்று எதிர்பார்க்க ஏலாது.

பறவை பார்க்கப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனங்களின் பட்டியலோடு இன்னொரு பக்கமும் எழுதுங்கள்: அந்தப் பறவையை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சொன்னவர் யார், எந்தக் கரை, என்ன தொழில். அவர் சம்மதித்தால் முழுப் பெயரோடு எழுதுங்கள். லேயார்ட் ஒரு பெயரையாவது எழுதிவிட்டுப் போனார். 170 வருசத்துக்குப் பிறகு, அதே கரையில் பிறந்த நாங்கள் அதைவிடக் குறைவாக எழுதக் கூடாது.