கொடும்பாவியும் கோயிலும்

நம் ஊர்ப்பக்கத்தில் மழை பொய்த்துவிட்டால் ஒரு வழக்கம் உண்டு. வைக்கோலால் ஒரு பொம்மை செய்து, அதற்குக் கொடும்பாவி என்று பெயர் வைத்து, தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போவார்கள். பின்னால் ஒப்பாரி வேறு. யாரோ ஒரு மகாபாவி ஊரில் இருப்பதால்தான் வானம் வறண்டுவிட்டது, அவன் ஒழிந்தால் மழை கொட்டும் என்பது நம்பிக்கை. பாவி யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் முயல்வதில்லை. அந்த மட்டில் நம்மவர்கள் தயாளகுணம் படைத்தவர்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்று ஓர் ஊர். சர்வகலாசாலையால் பிழைக்கும் சிற்றூர். அங்கே 1965-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஓர் இரவு கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டார்கள். மழைக்காக அல்ல, பந்துக்காக! பாவி யார் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சர்வகலாசாலையின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் என்பவர்தான் அவர். வெளியூரில் வேக் பாரஸ்ட் கலாசாலையிடம் தோற்றுவிட்டு, கோஷ்டி பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பஸ் வந்து நிற்கும் இடத்தில் தம்முடைய உருவமே தூக்கில் தொங்குவதை அந்த மனிதர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பில்லி கன்னிங்ஹாம் என்ற ஆட்டக்காரர் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிப்போய் அந்தப் பொம்மையைப் பிய்த்து எறிந்தார்.

ஒரு பந்தாட்டத்தில் தோற்றதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் கலாசாலைகளில் டிரில் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கான்வாஸ் ஜோடு. அவர் மாற்றலாகிப் போனால் மைதானத்துப் புல்லுக்குக்கூடத் தெரியாது. அமெரிக்காவில் விஷயம் அப்படி அல்ல. பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களில் மிக அதிகமாக வாங்குகிறவர் கவர்னர் அல்ல. சர்வகலாசாலையின் கூடைப்பந்துப் பயிற்சியாளர், அல்லது அவர்கள் கால்பந்து என்று சொல்லும் அந்த முரட்டு ஆட்டத்தின் பயிற்சியாளர். ஊருக்கு ஒரு தேர் இருப்பதுபோல் அங்கே ஊருக்கு ஒரு கோஷ்டி. தேர் நிலைக்கு வந்து சேராவிட்டால் வடம் பிடித்தவர்களைச் சும்மா விடுவார்களா?

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த மகானுபாவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குள்ளேயே ஆடுவதற்காக, பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி ஆரம்பித்து வைத்தார். பிற்பாடு கான்ஸாஸ் சர்வகலாசாலையில் அவரே பயிற்சியாளராக இருந்தார். 55 ஆட்டங்களில் ஜயித்து 60 ஆட்டங்களில் தோற்றார். ஆட்டத்தைப் படைத்த பிரம்மாவுக்கே வெற்றியைவிடத் தோல்வி அதிகம்! இந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவருக்கும் வைக்கோல் தேடியிருப்பார்கள். அவருடைய சிஷ்யர் பாக் ஆலன். ஆலனுடைய சிஷ்யர்களில் இருவர் அடால்ப் ரப்பும் டீன் ஸ்மித்தும். நம்முடைய சங்கீத வித்வான்களுக்கு உள்ளதுபோன்ற குருபரம்பரைதான் இதுவும்.

டீன் ஸ்மித்தின் கதைக்கு வருவோம். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் பிராங்க் மக்வயர். 1957-ஆம் ஆண்டில் ஒரு தோல்வியும் இல்லாமல் 32 ஆட்டங்களிலும் ஜயித்துத் தேசிய விருதை ஊருக்குக் கொண்டுவந்தவர். 1961-இல் விதிமீறல் புகார்களின் மத்தியில் அவர் விலகினார். சர்வகலாசாலைத் தலைவராயிருந்த வில்லியம் எய்காக், மக்வயரின் உதவியாளராக இருந்த முப்பது வயது ஸ்மித்தைக் கூப்பிட்டுப் பொறுப்பை ஒப்படைத்தார். வெற்றி தோல்வியைப்பற்றிக் கவலை வேண்டாம், காரியம் சுத்தமாக நடந்தால் போதும் என்பது அவர் இட்ட கட்டளை. ஸ்மித்தும் அப்படியே செய்தார். முதல் வருஷம் 8 ஆட்டங்களில் வெற்றி, 9 ஆட்டங்களில் தோல்வி. கட்டளை எய்காக்குக்கும் ஸ்மித்துக்கும் இடையே இருந்தது. ரசிகர்கள் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் கண்ணுக்கு முன்னால் இன்னும் 1957-ஆம் வருஷமே ஓடிக்கொண்டிருந்தது.

நம் வீடுகளில் மூத்தாள் இறந்துபோன பிறகு இளையாளாக வந்து சேருகிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்த ரஸத்தில் உப்பு சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் சாப்பிடுகிறவர்களின் நாக்கில் இருப்பது இறந்தவளுடைய ரஸம். பாவம், சண்டை போடுவதற்குக்கூட எதிரே ஆள் இல்லை! புதுப் பயிற்சியாளரின் நிலைமையும் இதுதான்.

சாப்பல் ஹில்லிலிருந்து பத்து மைல் தூரத்துக்குள் இருக்கிறது டர்ஹாம் நகரத்து டியூக் சர்வகலாசாலை. 1980-இல் அங்கே 33 வயது இளைஞர் ஒருவரை நியமித்தார்கள். ராணுவக் கலாசாலையில் முந்திய வருஷம் 9 ஆட்டங்கள் ஜயித்து 17 ஆட்டங்கள் தோற்றவர். பெயர் மைக் ஷஷெவ்ஸ்கி. ஆங்கிலத்தில் அந்தக் குடும்பப் பெயருக்குப் பத்து எழுத்துக்கள். எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. மாணவர் பத்திரிகை அந்தப் பெயரைத் தலைப்பில் போட்டு, இது அச்சுப்பிழை அல்ல என்று கூடவே உறுதிமொழியும் கொடுத்தது! சிரிப்பு சீக்கிரமே கோபமாக மாறியது. முதல் மூன்று வருஷங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983-ஆம் வருஷத்தில் ஒரு போட்டியில் வர்ஜீனியாவிடம் 109-க்கு 66 என்ற கணக்கில் தோற்றபோது, நன்கொடை கொடுக்கும் பெரிய மனிதர்கள் அவரை உடனே வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? 1984 ஜனவரியில் ஒப்பந்தத்தை மேலும் ஐந்து வருஷங்களுக்கு நீட்டிக் கொடுத்தார்! ஷஷெவ்ஸ்கி 2022 வரையில் அங்கேயே இருந்து, ஐந்து தேசிய விருதுகளை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இதைப் படித்ததும், பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முடித்துவிடலாம்போல் தோன்றுகிறது. அவசரப்படக் கூடாது. ஜயித்தும் பூமி ஆளாத ஒருவர் கதை இருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஜான் வுடன் என்பவர் 1948 முதல் 1975 வரையில் பயிற்சியாளராக இருந்தார். முதல் பதினைந்து வருஷங்கள் தேசிய விருது ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷங்களில் பத்து விருதுகள்! அதில் ஏழு தொடர்ச்சியாக. 1974-இல் ஒரு வருஷம் தவறிப்போயிற்று. 1975-இல் பத்தாவது விருதை வாங்கிக்கொண்டு அவர் ஓய்வு பெற்ற அந்த ராத்திரியே ஒரு ரசிகர் வந்து பாராட்டினாராம். போன வருஷம் எங்களைக் கைவிட்டு விட்டீர்கள், இந்த வருஷம் சரிக்கட்டி விட்டீர்கள் என்று! வுடனே பிற்காலத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அவருடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஜீன் பார்டோ. விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1973-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் வுடனுடைய கோஷ்டியை எதிர்த்து நின்று தோற்ற மெம்பிஸ் கோஷ்டிக்கு இதே பார்டோதான் பயிற்சியாளர். தம்மைத் தோற்கடித்தவருடைய நிழலிலேயே அவர் குடிபுக வேண்டியதாயிற்று. இரண்டு வருஷங்களில் 52 வெற்றி, 9 தோல்வி. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு ஜயம். வுடன் அதே சர்வகலாசாலையில் இருபத்தேழு வருஷங்களில் அடைந்த வெற்றி விகிதம் நூற்றுக்கு எண்பத்தொன்றுதான்! இருந்தும் என்ன? 1976-இல் கடைசி நான்கு கோஷ்டிகளில் ஒன்றாக வந்ததைத் தோல்வி என்றார்கள். ரேடியோவில் ஏசினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். மென்மையான சுபாவமுள்ள பார்டோ 1977-இல் ராஜினாமாச் செய்துவிட்டு, கூடைப்பந்துக் கோஷ்டியே இல்லாதிருந்த அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் சர்வகலாசாலைக்குப் போனார். வெறும் மனையில் வீடு கட்டுவதுபோல் புதிதாக ஒரு கோஷ்டியைக் கட்டினார். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க முன்னவர் யாரும் இல்லை. அந்த ஊரின் விளையாட்டரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

எண்கள் வழக்கைத் தீர்க்கும் என்று நம்புகிறவர்கள் பார்டோவின் கதையை இரண்டு தடவை படிக்க வேண்டும். ரசிகர்கள் கணக்குப் பார்க்கவில்லை. பிரிவாற்றாமையில் இருந்தார்கள்.

அந்த ஆற்றாமையோடு வேறு விஷமும் கலந்துவிடுவது உண்டு. கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸிங்டன் நகரம். அங்கே அடால்ப் ரப் 1930 முதல் 1972 வரையில் ராஜ்யபாரம் செய்தார். 876 வெற்றிகள், நான்கு தேசிய விருதுகள். ஆனால் 1970 வரையில் அவருடைய கோஷ்டிக்காகக் கறுப்பின இளைஞர் ஒருவர்கூட ஆடியது கிடையாது. 1966-ஆம் வருஷத்து இறுதி ஆட்டத்தில், முதல் ஐவரும் கறுப்பினத்தவராக இறங்கிய டெக்ஸஸ் வெஸ்டர்ன் கோஷ்டி, ரப்பின் வெள்ளைக் கோஷ்டியைத் தோற்கடித்தது. அமெரிக்க விளையாட்டுச் சரித்திரத்தில் அது ஒரு திருப்பம்.

அதே லெக்ஸிங்டனில் 1997-ஆம் ஆண்டு, ரிக் பிட்டினோ விலகிய இடத்துக்கு டப்பி ஸ்மித் என்ற கறுப்பினப் பயிற்சியாளரின் பெயர் அடிபட்டது. அப்போது உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிவந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், தயவுசெய்து இங்கே வராதீர்கள் என்று அவருக்கு வேண்டுகோள் விடுத்து எழுதினார். வெறுப்பினால் அல்ல, பயத்தினால். தோற்கும்போது இந்த ஊர் அவரை எந்த வார்த்தை சொல்லித் திட்டும் என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. பெற்ற தாய்க்கு வரும் பயம் அது. ஸ்மித் வந்தார். முதல் வருஷமே, 1998-இல், தேசிய விருதை வாங்கினார். ஆனாலும், பத்து ஆட்டங்கள் தோற்ற வருஷங்களை எண்ணி வைத்துக்கொண்டு, 'பத்துத் தோல்வி டப்பி' என்று பட்டப்பெயர் கட்டினார்கள். பத்து வருஷங்களில் 263 வெற்றி, 83 தோல்வி என்ற கணக்கோடு அவர் 2007-இல் வேறு ஊருக்குப் போனார். அவருக்குப் பின்னால் வந்த பில்லி கில்லிஸ்பியை உற்சாகமாக வரவேற்றார்கள். அவர் இரண்டே வருஷம் தாங்கினார். சாபம் மட்டுமல்ல, முதல் நாள் ஆசீர்வாதமும் பலிப்பதில்லை.

2024 ஏப்ரலில் அதே ஊரில் இன்னொரு காட்சி. பதினைந்து வருஷம் இருந்த ஜான் காலிபாரி ஆர்க்கன்ஸாஸுக்குப் போய்விட்டார். பேர்பெற்ற பயிற்சியாளர் யாராவது வருவார் என்று ஊரே காத்திருந்தது. வந்த செய்தியோ, மார்க் போப் என்பவர் நியமனம் என்பது. பயிற்சியாளராகத் தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜயித்திராதவர். ரசிகர்கள் கொதித்தார்கள். இவரையா, நமக்கா என்று புலம்பினார்கள். நியமனம் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ரப்பின் பெயர் கொண்ட விளையாட்டரங்கில் வரவேற்பு. சுமார் இருபதினாயிரம் பேர் வந்து நிறைத்துவிட்டார்கள்! 1996-இல் தேசிய விருது வாங்கிய கென்டக்கிக் கோஷ்டியில் தலைவராக ஆடியவர் போப். பழைய ஆட்டக்காரர்கள் புடைசூழ அவர் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, வெள்ளிக்கிழமை புலம்பியவர்களே ஞாயிற்றுக்கிழமை கண்ணீர் விட்டார்கள்.

இரண்டு நாளில் என்ன மாறிற்று? அவருடைய வெற்றிக் கணக்கு மாறவில்லை. ரசிகர்களுக்கு அவர் யார் என்பது ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். முன்னவர்களை நினைத்துப் பார்டோவை வெறுத்ததும், பழைய நாளை நினைத்துப் போப்பைக் கட்டிக்கொண்டதும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. வாசலில் வந்து நிற்கும் மனிதனை முதல் நாளில் யாரும் பார்ப்பதில்லை. அவனுக்குப் பின்னால் தெரியும் நிழலைத்தான் பார்க்கிறார்கள்.

கதை எழுதுகிற எனக்கு இந்த ரசிகர்கள்மேல் கோபம் வரவில்லை. எதையும் நேசிக்காத ஊரில் கொடும்பாவி கட்ட மாட்டார்கள். ஆனால் நேசத்துக்குக் கூலியாக ஒரு மனிதனுடைய நிம்மதியைக் கேட்பது என்ன நியாயம்? எய்காக்கும் பட்டர்ஸும் பெரிய தீர்க்கதரிசிகள் என்று நான் நினைக்கவில்லை. ஊர் கூச்சல் போட்டபோது, கொடுத்த வாக்கிலிருந்து அவர்கள் அசையவில்லை. சரித்திரத்தில் பல நல்ல காரியங்கள் இவ்வளவில்தான் நடந்திருக்கின்றன.

டீன் ஸ்மித் 1997 வரையில் சாப்பல் ஹில்லிலேயே இருந்தார். தெற்கே நிறவெறி ஓங்கியிருந்த நாளில், சார்லி ஸ்காட் என்ற கறுப்பின இளைஞரைத் தம் கோஷ்டியில் சேர்த்தார். இரண்டு தேசிய விருதுகள் வாங்கினார். 879 வெற்றிகளோடு, தம் குருபாயியான ரப்பின் எண்ணிக்கையையும் தாண்டினார். 1986-இல் அந்த ஊரில் இருபத்தோராயிரம் பேருக்குமேல் உட்காரக்கூடிய மாபெரும் விளையாட்டு மண்டபம் கட்டி, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2015-இல் அவர் காலமானார். தம்மிடம் ஆடி முத்திரை பெற்ற பழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் இருநூறு டாலர் அனுப்பி, வெளியே போய் நல்ல சாப்பாடாகச் சாப்பிடும்படி உயில் எழுதி வைத்திருந்தார்.

1965-ஆம் வருஷத்துக் குளிர் இரவில் வைக்கோல் திணித்த கைகளில் சிலவாவது, பின்னால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கை தட்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தட்டியவர்கள் மறந்திருப்பார்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் மறந்திருப்பாரா?