கறுப்புக் கண்ணாடியும் காணாமல் போன ஜனமும்

பாரிஸ் நகரில் 1838-ஆம் ஆண்டு டாகேர் என்பவர் ஒரு படம் எடுத்தார். பூல்வார் து டாம்ப்ல் என்ற பெரிய சாலை. வண்டியும் குதிரையும் ஜனமுமாக எந்நேரமும் ஜேஜே என்றிருந்த இடம். ஆனால் படத்தில் பார்த்தால் ஈ, காக்கா இல்லை! ஒரு மூலையில் பூட்ஸை நீட்டிக்கொண்டு ஒருவரும், அதற்குப் பாலிஷ் போடுகிறவரும் மட்டுமே தெரிகிறார்கள்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அன்றைய பிளேட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆகும். நடந்தவர்கள் யாரும் ஓரிடத்தில் நிற்காததால் பதியவில்லை. 1839-ல் இதைப் பாரிஸில் பார்த்து வியந்த தந்திப் புகழ் மோர்ஸ், இதைப் பற்றி அமெரிக்காவுக்குக் கடிதமே எழுதினார்.

இந்த மந்தம் அன்று ஒரு குறை. 1871-ல் மேடாக்ஸ் ஜெலட்டின் உலர் பிளேட்டை அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில், வெயிலில் ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் படம் எடுக்க முடிந்தது. மனுஷ மனசு விசித்திரமானது பாருங்கள், வேகம் வந்ததும் பழைய மந்தத்தின் மேல் ஆசை வந்துவிட்டது! அருவி பஞ்சாகத் தெரிய வேண்டும், கடல் பனிமூட்டமாக மாற வேண்டும். அதற்காக லென்சுக்கு முன்னால் மாட்டுவதுதான் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர். நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி.

இதன்மேல் 0.3, 0.9, 3.0 என்று எண்கள் இருக்கும். இங்கிலாந்தில் விட்னஸ் என்ற ஊரில் இருந்த ஹர்ட்டர் என்ற ரசாயன நிபுணரும், டிரிஃபீல்ட் என்ற என்ஜினியரும் 1890-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்தக் கணக்கு வருகிறது. பி.யு.சி.யில் நாம் திட்டித் தீர்த்தோமே, அதே லாகரிதம்தான்! 0.3 என்றால் பாதி ஒளி, 3.0 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு ஃபில்டரைச் சேர்த்து மாட்டினால் எண்களைக் கூட்டினால் போதும்.

நூறில் ஒரு வினாடி போதும் என்கிற வெளிச்சத்தில் 3.0 மாட்டினால் 10 வினாடி ஆகிறது. ஆனால் ஃபிலிம் அதற்குச் சம்மதிக்காது. மங்கிய ஒளியில் அது சோம்பேறியாகிவிடும். வியன்னாவில் நட்சத்திரங்களைப் பிளேட்டில் பதித்த ஷ்வார்ட்ஸ்சைல்ட், 1900-ஐ ஒட்டி இதைக் கணக்கில் வடித்தார். கருந்துளைப் பாடத்தில் வரும் அதே விஞ்ஞானிதான். கோடாக் ட்ரை-எக்ஸ் ஃபிலிமுக்கான அட்டவணைப்படி, 10 வினாடி என்று கணக்கு வந்தால் 50 வினாடி கொடுக்க வேண்டும். டெவலப் செய்யும் நேரத்தையும் 20 சதவீதம் குறைக்க வேண்டும்.

கேமரா பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் நம் கல்லூரி வாசலை நண்பகலில் 50 வினாடி எடுத்தால், நடந்து போகும் மாணவர் கூட்டம் மறைந்துவிடும். படிக்கட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் மட்டும் இருப்பார். ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள், "அன்றைக்குக் காலேஜ் லீவு போலிருக்கு" என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே ஃபிலிம் கேமராவைத் தேடிப் பிடித்து மறுபடி கையிலெடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தாராளமாக ஃபில்டர் மாட்டி எடுங்கள். ஆனால் பிரிண்டின் பின்பக்கம், தேதியோடு, எத்தனை வினாடி என்பதையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அந்த வாசலில் நடந்தவர்களுக்கு அதுதான் சாட்சி.