மலைநாட்டுச் சுவடுகள் – 14: கண்டியில் கிடைத்த ஆறடி

கடுகண்ணாவை ஏற்றத்தை பஸ் மூச்சு வாங்கி ஏறி முடித்ததும் கண்டிப் பாதையில் வரும் ஊர் பிலிமத்தலாவை. அதே பெயர் தாங்கிய மகா அதிகார் ஒருவர்தான் 1798இல் நாயக்கர் வழி இளைஞர் கண்ணுச்சாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாகக் கண்டி அரியணையில் அமர்த்தினார். தலையாட்டி பொம்மையாக இருப்பார் என்று போட்ட கணக்கு தப்பியது. சதிக் குற்றம் சாட்டி, அந்த அரசனே அவருக்கு மரண தண்டனை விதித்தான். அவருடைய இடத்துக்கு வந்த மருமகன் எஹலபொலவும் அரசனோடு முறுகி ஆங்கிலேயர் பக்கம் போனார்.

அந்தப் பக்கத்தில் காத்திருந்தவர் ஜோன் டொய்லி. மாத்தறையில் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் படித்தவர். கண்டி அரண்மனைச் சேதிகளை ஒற்றர்கள் மூலம் திரட்டியவர். கண்டி அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2இல் கைச்சாத்தானதில் அவர் பங்கு பெரிது. பிறகு கண்டியிலேயே வதிவிட அதிகாரியாக இருந்து, 1824 மே 25இல் காய்ச்சலில் மாண்டார்.

தலதா மாளிகைக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்தை அடுத்து மேட்டில் இருக்கும் பிரித்தானியக் காவற்படை மயானத்தில்தான் அவரைப் புதைத்தார்கள். அங்கே துயில்வோர் சுமார் 195 பேர். வாட்டர்லூ போரில் தப்பிப் பிழைத்த ஜேம்ஸ் மக்லாஷன், திருகோணமலையிலிருந்து மழையில் நனைந்து, இடுப்பளவு நீரில் இறங்கி நடந்து வந்து, 1817இல் காய்ச்சலுக்குப் பலியானார். 1856இல் ஜோன் ரொபர்ட்சனைக் காட்டு யானை கொன்றது. 1873இல் ஆளுநர் கிரெகரியின் மனைவி எலிசபெத்தும் இங்கே அடக்கமானார்.

நெரிசல் மிகுந்த லண்டனில் நகரத்துக்குள் பிணம் புதைப்பதை 1850களிலேயே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். கண்டி நகர எல்லைக்குள் அந்தத் தடை வந்தது 1873இல். ஏற்கெனவே புதைக்கப்பட்டவர்களின் உறவினருக்கு மட்டும் விலக்கு இருந்ததால், கடைசி அடக்கம் 1951இல் நடந்தது.

மற்ற இருவர், எஹலபொலவும் ராஜசிங்கனும்? எஹலபொலவை ஆங்கிலேயரே பின்னர் சந்தேகித்து நாடு கடத்தினார்கள். 1829இல் மொரீசியசில் இறந்தார். ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட ராஜசிங்கன் 1832இல் வேலூரில் கண்மூடினார், சமாதி பாலாற்றங்கரையில். கண்டிக்காக மோதிய மூவரில் கண்டி மண்ணில் இடம் கிடைத்தது இங்கிலாந்திலிருந்து வந்தவருக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம்: வேலூர்க் கோட்டையில் கண்டி அரசனின் 16 ஆண்டுகள்.