மணலில் எழுதிய முறை மேல்நாட்டுக்குப் போன கதை

ஆசிரியர் பயிற்சி மாணவர்களான நாம் பாடக்குறிப்பில் ‘கற்பித்தல் முறை’ என்ற இடம் வந்ததும் விரிவுரை முறை, குழு முறை என்று ஏதாவது ஒன்றை எழுதி விடுகிறோம். அதில் ஒரு முறை நம் திண்ணையிலிருந்து லண்டன் வரை போனது என்பது தெரியுமா?

திண்ணைப் பள்ளிக்கூடம்

சிவகிரி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெரியவர்களிடம் ‘சட்டாம்பிள்ளை’ என்றால் உடனே புரியும். திண்ணைப் பள்ளியில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள், பிறகுதான் ஓலை. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்ன கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன.

ஆண்ட்ரூ பெல்

1789-ல் சென்னையில் இராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதையே செய்து பார்க்கும்படி தன் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ‘இது நடக்காது’ என்று ஒதுக்கி விட்டார்கள். பெல் அந்த வேலையை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தார். அவன் செய்து காட்டினான்!

1797-ல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

மறுபக்கம்

ஆனால் அங்கே ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். செலவு குறைந்தது, மனப்பாடம் மிஞ்சியது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1854-ல் வந்த உட்ஸ் அறிக்கையும் அதை வற்புறுத்தியது. 1856-ல் வேப்பேரியில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் தொடக்கம் அதுதான்.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்றுக் கொள்ளும் வழி 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலாகத் திரும்பி வந்தது. 2007-ல் மாநிலம் முழுவதும் போனது. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

பெல்லின் ஆசிரியர்களுக்கும் அதே மணல்தான் கிடைத்தது. அவர்களிடம் இல்லாதது, செய்து பார்ப்போம் என்ற மனசு. அதே சமயம், நல்ல முறையைக் காட்டி ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைத்தால் அது பிள்ளைகளுக்கு நஷ்டம் என்பதையும் இந்த வரலாறு சொல்கிறது. மதிப்பெண்ணுக்காக ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கிறோமா, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகவா? அடுத்த பாடக்குறிப்பு எழுதும் முன் யோசிப்போம் நண்பர்களே!